கைப்பேசியில் ஓர் உண்டியல்

(பங்கின் பொன்விழாவையொட்டி, மருத்துவ உதவி நிதி தொடங்குவது பற்றிக் கூடிய பொதுக்கூட்டத்தில் உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா நினைவாக மணிக்கூண்டு எழுப்பலாம் என்றார்கள் சிலர். கெபியைப் புதுப்பிக்கலாம் என்றார்கள் வேறு சிலர். கடைசியில், சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிசுக்குப் போய்வரும் நம் பங்குக் குடும்பங்களுக்கென ஒரு மருத்துவ உதவி நிதி ஏற்படுத்துவது என்று பங்குப் பேரவை தீர்மானித்தது. காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். காப்பீடு மருத்துவமனை வாசற்படிக்கு உள்ளே உதவும். வாசற்படிக்கு வெளியே ஆகும் ஆட்டோ வாடகைக்கும், மருந்துக் கடைச் சீட்டுக்கும், நோயாளிக்குத் துணையாகப் போகிறவர் இழக்கும் அன்றாடக் கூலிக்கும் அது வராது. வாரம் மூன்று முறை என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பயணம். கையில் காசில்லை என்று ஒரு முறையைத் தள்ளிப்போட்டால் உடம்பில் நீர் ஏறி மூச்சுத் திணறும் என்பதை இங்கே அமர்ந்திருப்பவர்களில் அனுபவித்தவர்கள் அறிவார்கள். எனவே இது நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிற காரியம் அன்று.

நிதி வேண்டும் என்பதில் நமக்குள் வேற்றுமை இல்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் இரண்டு கட்சி. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டால் ஒரே வாரத்தில் பணம் கொட்டும் என்கிறார்கள் இளைஞர்கள். நம் வீட்டுக் கஷ்டத்தை உலகத்துக்குப் பறைசாற்றிப் பிச்சை எடுப்பதா என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்துச் சொல்லும்படி எங்களைப் பணித்தீர்கள். நாங்கள் படித்தறிந்ததையும் எங்களுக்குத் தோன்றியதையும் இங்கே வைக்கிறோம்.

கேட்பது நமக்குப் புதிதன்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, அதைக் கோயிலுக்குக் கொடுத்த தாய்மார்களின் பிள்ளைகள் நாம். வின்சென்ட் தே பால் சபையின் கூட்டம் முடிகிறபோது ஒரு பை கைமாறிச் சுற்றிவரும். 1833-இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாமும் அவர் தோழர்களும் தொடங்கிய சபை அது. பைக்குள் எல்லாருடைய கையும் போகும். போட்டவர் யார், போடாதவர் யார், எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. ‘இரகசிய உண்டியல்’ என்றே அதற்குப் பெயர். இல்லாதவனும் தலைகுனியாமல் கையை உள்ளே விட்டு எடுக்கலாம். மின்விசிறி இறக்கையில் உபயகாரர் பெயரை எழுதிச் சுழலவிடும் நம் வழக்கத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

பிடியரிசிக் கலயத்துக்கும் அந்தப் பைக்கும் ஒரு பொது இலக்கணம் உண்டு. கேட்பவரைக் கொடுப்பவருக்குத் தெரியும். பொருள் எங்கே போகிறது என்பதும் தெரியும். கைப்பேசி வழியாகக் கேட்கும்போதும் பணத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த அறிமுகமே என்பது எங்கள் துணிபு. உலகத்தில் மிகப் பெரிய தொகையைத் திரட்டிய நிகழ்ச்சிகளைப் படித்துப் பார்த்தபோது இது இன்னும் உறுதிப்பட்டது.

‘பனிநீர் வாளிச் சவால்’ என்ற ஒன்றை நம் பிள்ளைகள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 2014-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் பரவியது. பனிக்கட்டி மிதக்கும் ஒரு வாளி நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அதைப் படம்பிடித்து முகநூலில் போடுவார்கள். போடும்போதே தமக்குத் தெரிந்த மூவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் தாமும் ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது நூறு டாலர் தர்மம் கொடுக்க வேண்டும். பலர் இரண்டையும் செய்தார்கள். முதலில் இது எந்த ஒரு நோய்க்கும் உரியதாக இருக்கவில்லை. அவரவர் விரும்பிய தர்மத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கோல்ஃப் விளையாட்டு வீரர் ஒருவர், தம் உறவுக்காரப் பெண்ணை அழைத்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு ஏ.எல்.எஸ். என்னும் நோய். நரம்பணுக்கள் சிதைந்து, தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, முடிவில் மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துவிடும் கொடிய நோய் அது. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை நாற்காலியில் முடக்கிய நோய் என்றால் உங்களுக்கு விளங்கும். ஆக, அந்தச் சவால் ஒரு நோயின் பக்கம் திரும்பியது, தன் சொந்தத்தில் ஒருவர் படும் பாட்டை ஒரு மனிதர் நினைத்துப் பார்த்ததால்தான்.

அங்கிருந்து அது நியூயார்க் மாநிலத்தின் யோங்கர்ஸ் நகரில் வாழ்ந்த பாட் க்வின் என்பவரிடமும், பாஸ்டன் பக்கத்துப் பேஸ்பால் வீரர் பீட் ஃபிரேட்ஸிடமும் வந்தது. இருவருமே இளைஞர்கள், இருவருக்குமே அந்த நோய். அவர்களுடைய நண்பர்கள், பள்ளித் தோழர்கள், விளையாட்டுக் குழுவினர் என்று கிளை கிளையாகப் பரவிற்று. ஒரு கோடியே எழுபது இலட்சம் பேருக்கு மேல் தங்கள் படத்தைப் போட்டார்கள் என்று முகநூல் நிறுவனம் கணக்குச் சொன்னது. ஜூலை 29 முதல் ஒரு மாதத்தில் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு வந்த தொகை 10 கோடி டாலருக்கு மேல். முந்திய ஆண்டு அதே நாள்களில் வந்தது சுமார் 28 இலட்சம் டாலர். எல்லாம் சேர்ந்து 11½ கோடி டாலர் ஆயிற்று.

இதைக் கேட்டவுடன் நம் இளைஞர்களின் கண் வாளியின் மேல் போகிறது. “நாமும் ஏதாவது ஒரு சவால் தொடங்குவோம்” என்கிறார்கள். எங்கள் கண்ணோ அந்த மூன்று பெயர்களின் மேல் போகிறது. ஊரைப் பார்த்துப் பொதுவாகக் கூவினால் ஊரில் ஒவ்வொருவரும் மற்றவர் கொடுப்பார் என்று இருந்துவிடுவர். “தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன், நாளைக்குள் செய்” என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித்தான் ஆக வேண்டும். அறிந்தவர் கேட்டது, ஒரு நாள் கெடு வைத்தது, மறுநாளே மூவர் ஒன்பதாகவும் ஒன்பது இருபத்தேழாகவும் பெருகியது: வேலை செய்தவை இவையே. நீர் வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சங்கமே மறு ஆண்டு அதே மாதத்தில் அதே வாளியை மறுபடி தூக்கச் சொன்னபோது முதல் ஆண்டு வந்ததில் மிகச் சிறிய பங்கே வந்தது. வேடிக்கை ஒருமுறைதான் விலைபோகும்.

தண்ணீரை வீணாக்குகிறார்களே என்ற கண்டனமும் அப்போது எழுந்தது. ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்கும் நம் நாட்டில் அது எழாமல் இருக்குமா? ஐதராபாத்தில் மஞ்சுலதா கலாநிதி என்ற பத்திரிகையாளர் அதே 2014 ஆகஸ்டில், ஒரு வாளி அரிசியை எடுத்துப் பக்கத்திலுள்ள ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் படத்தைப் போடுங்கள் என்று ‘அரிசி வாளிச் சவால்’ தொடங்கினார். அதுவும் பரவிற்று. நம் பாட்டிமார் பிடியரிசிக் கலயத்தைக் கைப்பேசியில் பார்த்தது போல எங்களுக்கு இருந்தது.

அந்த அமெரிக்கச் சங்கம் பணம் வந்தபின் நடந்துகொண்ட விதம் இன்னும் கவனிக்கத் தக்கது. ஓர் ஆண்டில் காணாத தொகையை ஒரு மாதத்தில் கண்டவர்களுக்குத் தலை சுற்றாமல் இராது. ஆகஸ்டு மாதமே அந்தச் சவாலின் பெயரைத் தங்கள் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்ள மனுப் போட்டார்கள். மக்கள் தொடங்கியதை நீங்கள் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்று எதிர்ப்புக் கிளம்பவே உடனே மனுவைத் திரும்பப் பெற்றார்கள். பின்பு கணக்கை வெளியிட்டார்கள்: ஆராய்ச்சிக்கு 7 கோடியே 70 இலட்சம் டாலர், அதாவது நூற்றுக்கு 67 பங்கு, நோயாளிகளின் பராமரிப்புக்கு 20 பங்கு, விழிப்புணர்வுக் கல்விக்கு 9, நிதி திரட்டும் செலவும் பணப் பரிமாற்றக் கட்டணமும் நூற்றுக்கு இரண்டிரண்டு. 2016-இல், அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில் நோயோடு தொடர்புள்ள நெக்1 என்னும் மரபணு இனங்காணப்பட்டது. ரெலிவ்ரியோ என்ற மருந்தின் சோதனைக்கும் அந்தப் பணத்தில் 22 இலட்சம் டாலர் போயிற்று. 2022 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. பெரிய அளவில் மறுபடியும் சோதித்தபோது பயனில்லை என்று தெரிந்து, 2024-இல் தயாரிப்பு நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. பீட் ஃபிரேட்ஸ் 2019-இலும் பாட் க்வின் 2020-இலும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். எல்லாக் காசும் கனி தருவதில்லை. நம் நிதியிலும் அப்படித்தான் இருக்கும். உதவி பெற்றவர் பிழைக்காமல் போகிற நாளும் வரும். அன்றைக்கும் கணக்கு வெளிவர வேண்டும்.

சிரிக்கத் தக்க ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். அதே 2014 மார்ச்சில் இங்கிலாந்தில் பெண்கள் ஒப்பனை இல்லாத தங்கள் முகத்தைப் படமெடுத்துப் போட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் குறுஞ்செய்தி வழியே பணம் கொடுத்தார்கள். ஆறு நாளில் 80 இலட்சம் பவுன் சேர்ந்தது. இத்தனைக்கும் அந்த இயக்கத்தைத் தொடங்கியது புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அன்று. யாரோ தொடங்க, அது கைகொடுத்தது. குறிப்பிட்ட எண்ணுக்கு ‘பீட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்ப வேண்டும். சிலர் அதற்குப் பதில் ‘டொனேட்’ என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய பணம், 18 ஆயிரம் பவுனுக்கு மேல், யூனிசெஃப் நிறுவனத்தின் பக்கம் போய்விட்டது. இன்னும் சிலர் கடைசி எழுத்தைத் தவறவிட்டுக் கரடியைக் குறிக்கும் ‘பேர்’ என்ற சொல்லை அனுப்ப, பனிக்கரடியைத் தத்தெடுக்க விரும்புகிறீர்களா என்று வனவிலங்கு நிதியத்திலிருந்து பதில் வந்தது!

இதிலிருந்து நமக்கு ஆகவேண்டியது ஒன்றுண்டு. நம் வேண்டுகோளில் வங்கிக் கணக்கு எண்ணைக் கையால் தட்டச்சு செய்து அனுப்பினால் ஓர் இலக்கம் பிசகப் போதும். கியூஆர் கட்டம் போட்டால் எழுத்துப் பிழை வராது. ஆனால் படத்தை வெட்டி ஒட்டுவது இப்போது பள்ளிப் பிள்ளைக்கும் வரும். நம் செய்தியை எடுத்து, கட்டத்தை மட்டும் மாற்றித் தன் கட்டத்தை ஒட்டி அனுப்பும் பேர்வழிகள் இருக்கிறார்கள். அதனால் கட்டத்தின் கீழே, “பணம் அனுப்புமுன் திரையில் இன்ன பெயர் தெரிய வேண்டும், வேறு பெயர் தெரிந்தால் அனுப்பாதீர்கள்” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். திரையில் தெரியும் பெயர் தனிமனிதர் பெயராக இருக்கவே கூடாது. எவ்வளவு நேர்மையானவரானாலும் சரி, பொதுப்பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் அவருடைய வீட்டு மளிகைக் காசோடு கலந்து கிடந்தால், நாளைக்கு அவரைக் காப்பாற்ற யாராலும் முடியாது. பங்கின் பெயரில் தனிக் கணக்கு, இருவர் கையெழுத்து. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அடுத்து, செய்தி ஊர்சுற்றும் விதம். ஒரே செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் முன்னனுப்ப முடியாதபடி 2018-இல் இந்தியாவில் வாட்ஸ்அப் தடை வைத்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. அப்படிப்பட்ட செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தாலே இப்போது மக்கள் படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே, ஆயிரம் பேருக்கு ஒரே செய்தியைத் தள்ளிவிடுவதைக் காட்டிலும், இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தம் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதி, தம்மை நன்றாக அறிந்த மூவருக்கு அனுப்பினால் போதும். “அண்ணே, நலமா? நம்ம பங்கில் இப்படி ஒரு நிதி தொடங்குகிறோம். நீங்கள் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை” என்று எழுதுங்கள். பங்கில் முந்நூறு குடும்பம் எழுதினால் தொள்ளாயிரம் பேர் காதில் அது அவரவர் சொந்தக்காரர் குரலாகவே விழும். எழுதுமுன் நீங்கள் உங்களால் இயன்றதைக் கொடுத்திருங்கள். கொடுத்தவன் கேட்பதற்கு ஒரு தனிப் பலம் உண்டு.

தேதி போட மறவாதீர்கள். தேதியில்லாத வேண்டுகோள் சாகாது. அறுவை முடிந்து வீடு திரும்பிய பிள்ளைக்கும், ஏன், அடக்கம் முடிந்துபோன பிள்ளைக்கும் இரத்தம் வேண்டும், பணம் வேண்டும் என்று வருடக்கணக்கில் செய்தி சுற்றிக்கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம். செய்தியின் முதல் வரியில் தொடங்கும் நாள், கடைசி வரியில் முடியும் நாள். முடிந்ததும், “போதிய தொகை சேர்ந்தது, இனி அனுப்ப வேண்டாம்” என்ற செய்தி, கேட்ட அத்தனை இடத்துக்கும் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களை மக்கள் அடுத்த முறை நம்புவார்கள்.

வேண்டியதைத்தான் கேட்கவேண்டும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பக்கத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலைபோல் குவிந்து கிடந்ததை நேரில் கண்டவர்கள் இங்கே இருக்கக்கூடும். நல்ல மனத்தோடு அனுப்பியதே. ஆனால் நேற்றுவரை உழைத்து உண்ட மீனவர் குடும்பம், பிறர் கழித்த துணியை எடுத்து உடுத்த மனம் ஒப்பவில்லை. அதை அகற்றுவதே வேறொரு வேலையாயிற்று.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறோம். புகைப்படம் போடுவதா, வேண்டாமா?

போட்டால் பணம் வரும். இதில் ஐயமில்லை. டெபரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்களுக்குக் கையில் ஐந்து டாலர் கொடுத்து, அதிலிருந்து இயன்றதைத் தர்மம் செய்யலாம் என்றார்கள். ஆப்பிரிக்காவில் இத்தனை இலட்சம் பேர் பசியால் வாடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை ஒரு சாராரிடம் காட்டினார்கள். அவர்கள் கொடுத்தது சராசரியாக 1 டாலர் 14 சென்ட். மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் மட்டும் மறு சாராரிடம் காட்டினார்கள். கொடுத்தது 2 டாலர் 38 சென்ட். படத்தையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது 1 டாலர் 43 சென்டாகக் குறைந்துவிட்டது! மனித மனம் ஒரு முகத்துக்கு இரங்கும். பெருங்கூட்டத்தைக் கண்டால் மரத்துப்போகும்.

நம் இளைஞர்களின் வாதம் இதுவே. “படம் போட்டால் இரண்டு மடங்கு வருமென்றால், போடாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் துரோகமல்லவா?” என்று எங்கள் குழுவிலேயே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

ஆனால் அந்தச் சிறுமியை அமெரிக்காவில் பணம் கொடுத்தவர் எவரும் நாளைக்குக் கடைவீதியில் சந்திக்கப் போவதில்லை. நம் காரியம் அப்படியா? படுக்கையில் குழாயோடு கிடக்கும் தகப்பனின் படத்தை அனுப்பினால், அது முதலில் போய்ச் சேருமிடம் அவருடைய மகள் படிக்கும் வகுப்பின் வாட்ஸ்அப் குழு. அந்தப் பெண்ணுக்கு நாளை வரன் பார்க்கும்போதும் அந்தப் படம் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கும். உண்டியலில் போட்ட காசைக்கூடத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிடலாம். வெளியே போன படத்தைத் திரும்ப அழைக்க எவராலும் ஆகாது. அவர் சம்மதம் கொடுத்தாரே என்பீர்கள். மருந்துக்குப் பணமில்லாத மனிதன், பணம் கொடுக்கப் போகிறவர்கள் முன்னால் நின்றுகொண்டு கொடுக்கும் சம்மதம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். இல்லை என்று சொன்னாலும் உதவி குறையாது என்று முன்கூட்டியே உறுதி கொடுத்த பிறகு அவர் ஆம் என்றால்தான் அது சம்மதம். பிள்ளைகளின் படமோ, எவர் சம்மதித்தாலும் கூடாது.

முகம் இல்லாமலே மனத்தைத் தொட வழி இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம். அந்தச் சோதனை சொல்வது, கேட்பது சிறிதாகவும் கண்ணால் காணக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது. “டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உதவுங்கள்” என்றால் அது கூட்டம். “ஒருவர் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப ஆட்டோ வாடகை இவ்வளவு. அந்த ஒரு பயணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்றால், விடியற்காலையில் வாசலில் வந்து நிற்கும் ஆட்டோவை மனம் பார்த்துவிடுகிறது. ஆட்டோவின் படத்தைப் போடுங்கள். காலியான மருந்துச் சீசாவின் படத்தைப் போடுங்கள். பெயர் கேட்டால், “நம் பங்கைச் சேர்ந்த ஒரு தையல்காரர்” என்று தொழிலைக்கூடச் சொல்ல வேண்டாம், ஊர் கண்டுபிடித்துவிடும். “நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தலைவர்” என்றால் போதும். பணம் சற்றுக் குறையலாம். குறைந்ததை நம் மூன்று பெயர்க் கடிதம் ஈடுகட்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. கொடுத்தவர் பெயர்ப் பட்டியலும் தொகையும் குழுவில் வரவே வராது. ஒவ்வொருவருக்கும் இரசீது தனியே போகும். மொத்தம் மட்டும் அறிவிப்புப் பலகையில் ஏறும். பத்து ரூபாய் அனுப்பியவர் பத்தாயிரம் அனுப்பியவருக்குப் பக்கத்தில் நிற்கக் கூசக் கூடாது. காணிக்கைப் பெட்டியருகே இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை நாம் மறந்துவிட முடியுமா?

கணக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில், நோய்த்தொற்றால் உலகம் முடங்கிக் கிடந்தபோது, இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் 99 வயது முன்னாள் இராணுவ வீரர் டாம் மூர், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தம் தோட்டத்தில் நூறு சுற்று நடக்கிறேன், ஆயிரம் பவுன் சேர்த்து மருத்துவப் பணியாளர்களின் நலனுக்குக் கொடுங்கள் என்றார். அவருடைய நூறாவது பிறந்தநாளுக்குள் சேர்ந்தது 3 கோடியே 20 இலட்சம் பவுனுக்கு மேல். அந்தப் பணம் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. பிறகு அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதை விசாரித்த அந்நாட்டு அறநிலைய ஆணையம், குடும்பத்தார் தம் சொந்த ஆதாயத்தையும் அறக்கட்டளையின் காரியத்தையும் பிரித்து வைக்கவில்லை என்று 2024 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. முதியவர் நடந்த நடையில் ஒரு குறையுமில்லை. அவர் 2021-லேயே காலமானார். ஆயினும் இன்று அவர் பெயரைச் சொன்னால் கூடவே அந்த வழக்கும் நினைவுக்கு வருகிறது.

சட்டத்தின் பக்கமும் கவனம் வேண்டும். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகை, அதற்கென அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. அங்கீகாரம் கையில் இல்லாமல் வேண்டுகோளில் அதை எழுதக் கூடாது. வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கும் நம் பிள்ளை, இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. கனடாவில் குடியுரிமை பெற்றுவிட்ட அண்ணன், நம் தெருவில் பிறந்தவரே ஆனாலும், அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை. அதை வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்தின்படி புதுடில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும். முகநூலில் போட்டால் கனடா அண்ணன் கண்ணில் படாமல் இராது. எனவே, “இந்தியக் குடிமக்களிடமிருந்து மட்டும்” என்ற வரியை வேண்டுகோளில் சேர்த்திருக்கிறோம். அவர் கோபித்துக்கொண்டால் நாங்கள் பேசிச் சமாதானப்படுத்துகிறோம்.

வேண்டுகோளின் வாசகத்தை எழுதி நகல் எடுத்து, முன்வரிசை மேசையில் வைத்திருக்கிறோம். பதினான்கு வரி. ஒரு குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கநாள், முடிவுநாள், ஒரு பயணத்தின் செலவு, கணக்கின் பெயர், மாதக் கணக்கு பலகையில் ஏறும் ஞாயிறு, எல்லாம் அதில் இருக்கின்றன. டயாலிசிசுக்குப் போய்வரும் குடும்பத்தார் இந்த அவையில் இருக்கிறார்கள். யாரென்று நாங்கள் சொல்லப்போவதில்லை. அவர்கள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, ஒரு சொல் உறுத்தினாலும் வருகிற புதன்கிழமைக்குள் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுவோம். வியாழன் மாலை அது முதன்முதலாக வெளியே போகும். உங்களுடைய மூன்று பெயர்களை இன்றிரவே யோசித்து வையுங்கள்.